தினைக்காட்டுப் பன்றியும் குளிர்நாட்டு வாத்தும்

ஒரு காட்டில், எல்லாக் காடுகளிலும் இருப்பது போல, ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அதே காட்டின் தெற்குச் சரிவில் காத்தாயி என்றொரு காட்டுப்பன்றி தினை பயிரிட்டு வந்தாள். ராஜாவைப் பற்றிப் பாட அந்தக் காட்டில் ஏகப்பட்ட குயில்கள் சம்பளத்துக்கு இருந்தன. ஆகையால் நாம் காத்தாயியின் கதையைப் பார்ப்போம்.

காத்தாயிக்கு ஏரும் வேண்டாம், மாடும் வேண்டாம். மூக்கை மண்ணில் வைத்து ஒரு ஓட்டம் ஓடினால் நூல் பிடித்தாற்போலச் சால் விழும். கதிர் முற்றியதும் குட்டிகளின் வயிற்றுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஓடைக்கரைச் சந்தையில் கொட்டி உப்புக்கட்டி வாங்கிவருவாள். அந்தக் காட்டில் உப்புதான் காசு. புருஷன் வேறொரு காட்டுக்குப் பிழைக்கப் போனவன், அங்கேயே பிழைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. தினை இருந்தது, குட்டிகள் இருந்தன, காலம் ஓடியது.

இப்படி இருக்கையில், சிங்கராஜா அண்டைக்காட்டு ராஜாக்களோடு கூடிப் பேச ஒரு பெரிய ஏரிக்குப் போனார். அங்கே ஒரு ராஜா, என் காட்டுத் தேன் கடல் தாண்டிப் போகிறது என்றார். இன்னொருவர், என் காட்டு மிளகு இல்லாவிட்டால் மேல்நாட்டு மிருகங்கள் வாயில் எதையும் வைப்பதில்லை என்றார். உங்கள் காட்டிலிருந்து என்ன போகிறது என்று நம் ராஜாவைக் கேட்டார்கள். கர்ஜனை போகிறது என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பி வந்த கையோடு, இனி நம் காடு உலகத்துக்கே பசியாற்றும் என்று அறிவித்துவிட்டார். உள்ளூர்ப் பசியைப் பற்றி அறிவிப்பில் ஒன்றும் இல்லை. குயில்கள் அறிவிப்பைப் பல்லவியாகவும் சரணமாகவும் பிரித்துப் பாடின.

பனிக்காலத்தில் மலைகளைத் தாண்டி வாத்துகள் வந்து இறங்கின. அவற்றுக்குத் தலைவர் ஒரு பட்டைத்தலை வாத்து. அவர் பேசும் தமிழ் இலக்கணச் சுத்தமாக இருக்கும். ஆனால் எங்கோ அச்சடித்து எடுத்துவந்தது போல இருக்கும். வேளாண் அதிகாரியான மாருதப்பன் என்ற குரங்கு அவரைச் சரிவுக்கு அழைத்துவந்தது. வாத்து காத்தாயியின் மண்ணை அலகால் கிளறிப் பார்த்துவிட்டு, தங்கள் நாட்டில் குட்டி வெள்ளரிக்காய்களைப் புளித்த நீரில் ஊறப்போட்டு உண்பார்கள் என்றும், விரல்நீளக் காய்களாக எவ்வளவு விளைந்தாலும் தாமே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னது. மலைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்த உப்புப்பாறை ஒன்றையும் காட்டியது.

காத்தாயிக்கு ஒரு சந்தேகம். "இவ்வளவு ஆசையா இருக்கறவங்க நீங்களே வெளைய வெச்சிக்கலாமேங்க?"

"எங்கள் நாட்டில் குனிவதற்கு ஆளில்லை, அம்மணி" என்றது வாத்து.

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பக்கத்து நிலத்து முள்ளம்பன்றி நல்லமுத்து யோசிக்கவே இல்லை. அன்றைக்கே தன் கிழங்குப் பாத்திகளை அழித்துவிட்டான். அவன்தான் வந்து அவள் மனத்தைக் கரைத்தான். "அக்கா, தினைய யார் வேணா திங்கலாம். யார் வேணா திங்கற பொருளுக்கு ஒலகத்துல மதிப்பு ஏது?"

அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. குட்டிகளை ஒருமுறை பார்த்தாள். உப்புப்பாறையை நினைத்துக்கொண்டாள். தினைத் தாளை மடக்கி உழுதுவிட்டு வெள்ளரி விதையை ஊன்றினாள்.

முதல் வருஷம் வெள்ளரி அள்ளிக் கொடுத்தது. வாத்துகள் மாலை மாலையாகக் காயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பறந்தன. உப்பு வந்தது. அந்த உப்பைக் கொடுத்து அண்டைக் காட்டிலிருந்து தினை வாங்கிக் குட்டிகளுக்குப் போட்டாள். தன் நிலத்தில் விளைந்ததை யாரோ தின்ன, யாரோ விளைவித்ததைத் தன் குட்டிகள் தின்பது முதலில் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. இதற்குப் பெயர்தான் முன்னேற்றம் என்று மாருதப்பன் கூட்டம் போட்டு விளக்கியது. பெயர் தெரிந்ததும் விசித்திரம் போய்விட்டது.

மறு வருஷம் சரிவு முழுக்க வெள்ளரிதான். தினை விதைக்க நினைத்தவர்களைப் பட்டிக்காட்டான் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். காய், சுண்டு விரலைத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்தம். பன்றிக்கு விரலே கிடையாது என்பதால் மாருதப்பன் தன் சுண்டு விரலை நீட்டி அளந்து கொடுத்துவந்தது. அதில் ஒரு தொல்லை இருந்தது. அந்த வெள்ளரி ஈரம் பட்டால் மாலையில் பூவாகவும் காலையில் காயாகவும் மதியத்தில் கட்டையாகவும் இருக்கும் சாதி. காத்தாயியும் குட்டிகளும் விடியுமுன்பே செடிக்குச் செடி மண்டியிட்டுப் பறித்தார்கள். கடைக்குட்டிக்கு முழங்கால் தோல் உரிந்தது. இருந்தாலும் அது அழவில்லை. உப்புப்பாறையை ஒருமுறை நக்கக் கொடுப்பதாக அம்மா சொல்லியிருந்தாள்.

காய் மலைபோல் குவிந்தது. வாத்துகள் வந்தன. இம்முறை அவற்றோடு அளவு அதிகாரியாக ஒரு தேவாங்கு வந்தது. தேவாங்கு தன் துளியூண்டு சுண்டு விரலைக் காயின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனது. குவியல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறிற்று, அவ்வளவுதான்.

காத்தாயி ஓடிப்போய் வாத்திடம் நின்றாள். போன வருஷம் இதே காயைத்தானே எடுத்தீர்கள், குரங்கு ஐயா விரலால்தானே அளந்தது என்று கேட்டாள்.

வாத்து நிதானமாகச் சொன்னது: "சுண்டு விரல் என்று மட்டுமே ஒப்பந்தத்தில் உள்ளது, அம்மணி. யாருடைய சுண்டு விரல் என்று இல்லை."

மாருதப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அது தன் விரலை வாலுக்குள் சுருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. வாத்துகளும் சற்று நேரத்தில் அந்த வானத்திலேயே ஏறிப் போய்விட்டன. பிறகுதான் விஷயம் தெரிந்தது. குளிர்நாட்டில் அந்த வருஷம் வெள்ளரிக்கு மவுசு குறைந்து, தாமரைத்தண்டுக்கு மவுசு வந்துவிட்டதாம். காய் வேண்டாம் என்று நேரே சொல்வது அவர்கள் நாட்டில் மரியாதைக் குறைவு. ஆகையால் தேவாங்கை அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் கோடை பொல்லாத கோடையாக இருந்தது. சரிவெல்லாம் வெள்ளரியாகிவிட்டதால் காட்டில் தினை இல்லை. அண்டைக் காட்டார் தங்கள் தினைக்குக் கேட்ட உப்பு காத்தாயியிடம் இல்லை. குட்டிகள் தள்ளுபடிக் காயைத் தின்றன. தண்ணீர்க் காய், தின்னத் தின்னப் பசித்தது, பிறகு வயிற்றால் போயிற்று. ஒருநாள் கடைக்குட்டி எழுந்திருக்கவில்லை. காத்தாயி அதை மூக்கால் நெம்பினாள். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அவள் நல்லமுத்துவின் வளைக்குப் போனாள். அவனும் மெலிந்திருந்தான், முள்ளெல்லாம் உடம்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய், எந்தக் காலத்திலோ அவள் வயலில் திருடி ஒளித்துவைத்திருந்த தினையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான்.

"ஒன்னோடதுதான்க்கா" என்றான்.

அவள் திட்டவில்லை. பாதியை வாயில் அரைத்துக் கடைக்குட்டிக்கு ஊட்டினாள். அது விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீதிப் பாதியை வெறித்துக்கொண்டு நின்ற மற்றக் குட்டிகளைத் தாண்டிக் கொண்டுபோய் மண்ணில் விதைத்தாள். அந்த நடைதான் அவள் வாழ்நாளில் நடந்த நடைகளிலேயே கடினமானது. கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்று, எப்படியோ அறுப்பு வரை எல்லோரும் உயிரோடு கிடந்தார்கள்.

தினை வந்தது. வந்தது என்றால் சாதாரணமாக இல்லை, கதிர் தலை தொங்கி மண்ணைத் தொட்டது. அண்டைக் காடுகளிலும் தினை தீர்ந்துபோன காலம். அண்டைக் காட்டு வியாபாரிகள் சரிவு ஓரத்திலேயே வந்து காத்திருந்து, கேட்ட உப்பைக் கொடுக்கிறோம் என்றார்கள். காத்தாயிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு தூக்கம் வந்தது.

காலையில் மாருதப்பன் வந்தது. தினை காட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது ராஜ உத்தரவு. ஓடைக்கரையில் வசிக்கும், விதைக்கவோ அறுக்கவோ செய்யாத மான்கள், தினை விலை ஏறிவிட்டது என்று ராஜாவின் குகை வாசலில் நின்று கண்ணீர் விட்டனவாம். மானின் கண்ணீர் பார்க்க அழகாக இருக்கும். ராஜா உருகிவிட்டார். அதோடு விட்டாரா, வாத்துகளுக்கும் சொல்லியனுப்பிக் குளிர்நாட்டுத் தினையை மூட்டை மூட்டையாக இறக்கச் சொல்லிவிட்டார். அங்கே பயிர் செய்கிறவர்களுக்கு அவர்கள் ராஜாவே வாரிக் கொடுப்பதால், அந்தத் தினை இலவசத்துக்குச் சமீபமான விலையில் வந்து இறங்கியது.

காத்தாயி மாருதப்பனைக் கேட்டாள். "வெள்ளரி வெல இல்லாம அழுகினப்ப யாரும் வரலீங்களே, ஐயா?"

மாருதப்பன் கெட்ட குரங்கு இல்லை. அவளுக்குப் புரியும்படியே சொன்னது. "வெல எறங்குனா அது ஒன் கஷ்டம்மா. வெல ஏறுனாத்தான் அது நாட்டோட கஷ்டம்."

அது போன பிறகு காத்தாயி வரப்பில் நின்றாள். அறுத்துச் சந்தைக்குக் கொண்டுபோனால் தூக்கிய கூலிக்குக்கூட ஆகாது. விட்டுவைத்தால் கிளிக்கு ஆகும். கதிர்கள் காற்றில் ஆடின. விதைக்காகக் குட்டிகளின் முன்னால் நடந்த நடை நினைவுக்கு வந்தது. அவளுக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்ததும், எத்தனையோ தலைமுறையாக அவள் குலம் வயலைக் கண்டால் என்ன செய்யுமோ அது தானாக வந்துவிட்டது. தலையைக் குனிந்து உள்ளே பாய்ந்தாள். குட்டிகளையும் கூப்பிட்டாள். மேய்ந்தார்கள், மிதித்தார்கள், புரண்டார்கள். கடைக்குட்டி தின்ற தீனியில் அதன் வயிறு தரையைத் தொட்டது. நல்லமுத்துவும் வந்து ஒரு மூலையில் தன் பங்குக்கு நாசம் செய்துவிட்டுப் போனான்.

மறுநாள் பயிர்க் கணக்கெடுக்க வந்த மாருதப்பன் வயலைப் பார்த்துத் திகைத்து நின்றது. யார் இப்படிச் செய்தது என்று கேட்டது.

காத்தாயிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பன்னிதாங்க" என்றாள்.

"எது, காட்டுப்பன்னியா?" மாருதப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. வறட்சி என்றால் மேலிடத்தில் நம்ப மாட்டார்கள், விலை வீழ்ச்சி என்றால் விதியே இல்லை. ஆனால் காட்டுப்பன்றி மேய்ந்த பயிருக்கு முழு நிவாரணம் உண்டு, சட்டமே இருக்கிறது, இவ்வளவு நாள் யாரும் வந்து கேட்டதில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னது. மேய்ந்த பன்றியை அடையாளம் காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டது. இருட்டில் எல்லாப் பன்றியும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றாள் காத்தாயி. அதுவும் உண்மைதான்.

நிவாரணமாக வந்த அளவு உப்பு, தினையை எந்தக் காட்டில் விற்றிருந்தாலும் கிடைத்திருக்காது. அடுத்த பருவத்தில் சரிவு முழுவதும் எல்லோரும் தினை விதைத்தார்கள், எல்லோரும் மேய்ந்தார்கள், எல்லோரும் நிவாரணம் வாங்கினார்கள். விதைத்த நிலத்தின் பரப்பு இருமடங்கானது. சிங்கராஜா அதை ஏரிக்கரைக் கூட்டத்தில் சொன்னார். விவசாயிக்கு இவ்வளவு வாரிக் கொடுக்கும் ராஜா வேறு யார் என்று மற்ற ராஜாக்கள் எழுந்து வாலைத் தட்டினார்கள். மான்கள் குளிர்நாட்டுத் தினையைத் தின்று, உள்ளூர்த் தினை மாதிரி வராது என்று சொல்லிக்கொண்டன.

காத்தாயிக்குச் சிறந்த விவசாயி என்று விருது கொடுத்தார்கள். குயில்கள் பாட, ராஜாவே அவள் கழுத்தில் மாலை போட்டார். பட்டைத்தலை வாத்தும் வந்து, தங்கள் சாதனையைக் கற்றுக்கொள்ள எங்கள் நாட்டிலிருந்து ஒரு குழு வரவிருக்கிறது, அம்மணி என்றது. மேடையை விட்டு இறங்கியதும் கடைக்குட்டி, இந்த மாலை எதற்கு அம்மா என்று கேட்டது.

காத்தாயி கொஞ்சம் யோசித்தாள்.

"பட்டினி கெடக்காம இருந்ததுக்கு" என்று சொல்லி, மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து அதற்குத் தின்னக் கொடுத்தாள்.

நீதி: வேலி பயிரை மேய்ந்தால் துரோகம், வாத்து மேய்ந்தால் ஏற்றுமதி, மான் மேய்ந்தால் மக்கள் நலம். விதைத்தவள் மேய வேண்டுமானால், காட்டுப்பன்றியாகப் பிறந்திருக்க வேண்டும்.