கூட்டுக்காரரின் பச்சைக் கதிரை

பிராணிகளைக் கொல்லக் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போய், கூப்பிட்டவர்களின் உயிரை மட்டும் எடுத்துவிட்டு வந்த ஒரே மனிதர் இந்தச் சிட்னியில் கூட்டுக்காரர்தான்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனைச் சுற்றித் தமிழர் வீடுகள் எத்தனை உண்டோ, அத்தனை கூரைக்குள்ளும் அவருடைய தலை ஒருமுறையாவது போயிருக்கும். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு கம்பிக்கூடு தொங்கும், ஆகவே கூட்டுக்காரர். எலி பிடிக்கவும் அவர்தான், பொசம் பிடிக்கவும் அவர்தான். பொசம் என்பது பூனை அளவில் ஒரு பிராணி. கூரைக்குள் அது நடந்தால் யாரோ சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும்.

ஆளைப் பார்த்தால் எலி தானாகவே செத்துவிடும் என்று நினைப்பீர்கள். நல்ல உயரம். மீசை வீடு கூட்டுகிற தும்புத்தடி மாதிரி. ஒரு இடத்தில் நிற்கமாட்டார். பூட்டுத் திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக் கொண்டு வளவைச் சுற்றிச் சுற்றி நடப்பார். தேத்தண்ணி கொடுத்தால் அதையும் நடந்துகொண்டே குடிப்பார். இருங்கோ என்று கதிரையை இழுத்துப் போட்டால், கதிரை எனக்கில்லை என்பார்.

அந்தக் கதிரையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர் ஓட்டிவருகிற வானுக்குள் ஒரு பச்சை மடக்குக் கதிரை கிடக்கும். கிரிக்கெட் பார்க்கக் கொண்டுபோவார்களே, கைப்பிடியில் கப் வைக்க ஓட்டையோடு, அந்த மாதிரி. கூட்டுக்குள் ஏதாவது அகப்பட்டால், கூட்டை நிலத்தில் வைத்து, அதற்கு முன்னால் கதிரையை விரித்து, கொல்லச் சொன்ன ஆளைக் கூப்பிடுவார்.

"இதிலை இருங்கோ. ஐஞ்சு நிமிசம் அதின்ரை முகத்தைப் பாருங்கோ. எழும்பாமல் இருந்து, பிறகும் கொல்லு எண்டு சொன்னால் நான் கொல்லுறன். எழும்பினால் விட்டிடுவன்."

சண்டை பிடிக்காத வீடு இல்லை. அதுக்குத்தானே உம்மைக் கூப்பிட்டது என்பார்கள். அவரிடம் ஒரே பதில்தான்.

"நீங்கள் குசினிக்குள்ளை நிண்டு காதைப் பொத்திக்கொண்டு கொல்லச் சொல்லுவியள். பாவத்தை என்ரை வானிலை ஏத்தி விடுவியள். வானிலை இடமில்லை."

ஹோம்புஷில் இந்தியாவில் இருந்து வந்த ஒரு புருசன் பெண்சாதி. கூரைக்குள் பொசம். பொசத்தைக் கொல்ல இந்த நாட்டுச் சட்டம் விடாது, அது கூட்டுக்காரருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கதிரையைப் போட்டார். அந்தப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னானாம்: "சார், நாங்க சுத்த வெஜிடேரியன். இதெல்லாம் பாக்க முடியாது. நாங்க கடைக்குப் போயிட்டு வர்றோம், அதுக்குள்ள முடிச்சிடுங்க."

"தின்னுறவன் கொல்லச் சொன்னாலும் ஒரு நியாயம் இருக்கு. முட்டையும் தின்னாத ஆள், தம்பி, நீர் எதுக்குக் கொல்லச் சொல்லுறீர்?"

கடைசியில் இரண்டு பேரும் அந்த ஒற்றைக் கதிரையில் நெருக்கிக்கொண்டு இருந்தார்களாம். இரண்டாம் நிமிடம் பொசம் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டியது. அந்தப் பெண் வீடியோ எடுத்துத் திருச்சியில் இருக்கிற மாமியாருக்கு அனுப்பினாள். இதைப் போய்க் கொல்லுவதா என்று மாமியாரிடமிருந்து திட்டு வந்தது. எழும்பிவிட்டார்கள். கூட்டுக்காரர் பொசத்தை அதே வளவில் விட்டு, கூரையில் அது புகுந்த ஓட்டையை அடைத்துவிட்டு வந்தார். ஓட்டை அடைப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. அதனால்தான் எத்தனை திட்டினாலும் திரும்பவும் அவரையே கூப்பிட்டார்கள்.

எங்கள் தெருக் கலாவின் கதை இதைவிட மோசம். கந்தசஷ்டி தொடங்கிய அன்று அவளுடைய சாமியறைக்குள் எலி பிடிபட்டது. விரத நாளில் உயிர்க்கொலை செய்யலாமா? ஆறு நாள் பொறுங்கோ, பாரணை முடிய வந்து கொல்லுங்கோ என்றாள். அவர் மறுக்கவில்லை. ஆனால் கொல்லச் சொன்ன ஆள்தான் அதுவரை சாப்பாடு போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கலா ஒரு நேரம் பாலும் பழமும் எடுத்தாள். எலிக்கு மூன்று நேரமும் பாலும் பழமும். ஏழாம் நாள் அவர் கதிரையோடு வந்தால், கூட்டுக்குக் கீழே விரித்த துணியை இவள் மாற்றிக் கொண்டு நிற்கிறாள். கதிரையில் இருக்கவேயில்லை. "அது இளைச்சுப் போச்சண்ணை" என்று மட்டும் சொன்னாளாம். இளைத்தது கலா. எலி கூட்டுக்குள் திரும்ப முடியாத அளவுக்குக் கொழுத்திருந்தது.

இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்தேன். என்னுடைய முறை வரும் என்று நினைக்கவில்லை.

நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீசும் வராது. விசேஷ வீடுகளுக்குப் போனால் குசினிப் பக்கம் ஒதுங்கி வெங்காயம் உரிப்பேன். ஆனால் மகள் வீட்டுப் பின்வளவில் ஒரு கறிவேப்பிலை வைத்தேன். இந்த ஊர்க் குளிருக்கு அது தப்பாது என்றார்கள். ஏழு மாரிகாலம் பழைய போர்வையால் போர்த்துப் போர்த்து வளர்த்தேன். அது என் உயரத்துக்கு வந்தபிறகு பின் கேற்றைத் தட்ட ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "அன்ரி, ரெண்டு நெட்டுத் தாங்கோ." இலை பிடுங்கிக் கொடுக்கும்போது கதைப்பேன். இலை கையில் இருந்தால் எனக்குக் கதை வரும்.

அந்த மரத்தின் அடிப்பட்டையை ஒரு எலி கடித்தது. முதல்நாள் ஒரு விரல் அகலம். பிறகு இரண்டு விரல். பட்டை சுற்றிவரப் போனால் மரம் பட்டுவிடும் என்று மருமகன் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போவேன். திரும்பி வருவேன். திரும்பவும் போவேன். மரம் போனால் அந்தக் கேற்றை யார் தட்டுவார்கள்?

மகளும் மருமகனும் வேலைக்குப் போன நேரம் நானே கூட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். என் பெயரைச் சொல்ல முன்னம், "கொல்ல வேணும் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் வந்து கூட்டுக்குள் கருவாட்டுத் துண்டு வைத்த நாலாம் நாள் காலை எலி அகப்பட்டது. கூட்டுக்காரர் வந்தார். கதிரையை விரித்தார். நான் இருந்தேன்.

எலி கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. அவர் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். திறப்புக் கோர்வை கிலுங்கியது. எனக்கு முழங்கால் உளைந்தது, ஆனால் எழும்பவில்லை. எலி இரண்டு கையாலும் முகம் கழுவியது. வாயைத் திறந்தபோது மஞ்சளாய் இரண்டு பல் தெரிந்தது. மரத்தைப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன். இரக்கம் இப்போது வரும், இப்போது வரும் என்று நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். வரவில்லை.

"அக்கா, ஐஞ்சு நிமிசம் ஆச்சுது."

"ஓம் தம்பி. கொல்லுங்கோ."

அவர் நடையை நிறுத்தினார். "வடிவாப் பாத்தியளோ? அதின்ரை காதைப் பாத்தியளோ? என்ன மெல்லிசு."

"பாத்தன். கொல்லுங்கோ."

வானுக்குப் போனார். உள்ளே உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு சுத்தியலோடு வந்தார். அதைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோனார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கழற்றினார். வேண்டிய சாமானை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டாராம், நாளைக்கு வரட்டுமா என்று கேட்டார்.

அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நான் சொன்னேன்: "ஏன் மினக்கெடுவான்? வாளி இருக்கு தம்பி. தண்ணி நிரப்பித் தரட்டோ?"

அந்தப் பெரிய மனிதரின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. மீசை நடுங்கியது. எத்தனையோ வீடுகளை அதட்டிய குரல் சின்னதாய் வந்தது.

"அக்கா, இத்தினை வருசத்திலை ஒருத்தரும் கடைசிவரை இருக்கயில்லை. எல்லாரும் எழும்பியிடுவினம். நானும் அதை நம்பித்தான்..."

மிச்சம் எனக்கு விளங்கியது. இந்த மனிதர் ஒரு எலியைக்கூடக் கொன்றதில்லை. அந்தக் கதிரையை எங்களுக்காக மட்டும் கொண்டு திரியவில்லை, தன்னைக் காப்பாற்றவும்தான் கொண்டு திரிந்திருக்கிறார். இப்போது கொல்லாவிட்டால் அத்தனை வருசப் பேச்சும் பொய். கொன்றால் அவர் அவராக இருக்கமாட்டார். எலிக்கு வராத இரக்கம் அந்த மீசைக்கு வந்துவிட்டது.

கதிரையைவிட்டு எழும்பினேன்.

"விடுங்கோ தம்பி. எனக்கு மனம் வரயில்லை."

"உண்மையாவோ அக்கா?"

"ஓம். காதைப் பாத்தாப் பிறகு ஏலாமல் கிடக்கு."

அவர் தொப்பென்று அந்தப் பச்சைக் கதிரையில் இருந்தார். அவர் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். தேத்தண்ணியையும் இருந்தே குடித்தார். பிறகு எலியைக் கூட்டோடு வானில் ஏற்றினார். எங்கே விட்டார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த தெருக்காரரும் கேட்காமல் இருக்கட்டும்.

மத்தியானம் திரும்பி வந்தார், ஒரு சுருள் கம்பிவலையோடு. பொழுது சாயும்வரை முழங்காலில் நின்று என் மரத்துக்கு ஒரு கூடு கட்டினார். சின்னக் கதவு, கொளுக்கி எல்லாம் வைத்து. மரம் தப்பியது.

தப்பாதது என் மானம். கூட்டுக்காரர் அடுத்து வந்த மாதங்களில் போகிற வீடெல்லாம் சொல்லித் திரிந்தார்: "கடைசிவரை இருந்து பார்த்து, அதுக்குப் பிறகு மன்னிச்ச ஒரே ஆள் அந்த அக்காதான்." கோயிலில் முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒரு பெண் தன் குழந்தையைக் கொண்டுவந்து தலையில் கைவைக்கச் சொன்னாள். வாளி எடுத்துக் கொடுக்க நின்ற கை இது. என்ன செய்ய, வைத்தேன்.

இப்போது அவர் மகளோடு இருக்க மெல்பேர்ன் போய்விட்டார், கிளென் வேவர்லிப் பக்கம். போகும்போது பச்சைக் கதிரையை எனக்குத் தந்துவிட்டுப் போனார். பின்னேரத்தில் அதில்தான் இருக்கிறேன். வேலியில் எலி ஒன்று வந்து குந்தும். அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். ஐந்து நிமிடம் தாண்டியும் எனக்கு இரக்கம் வருவதில்லை. ஆனால் அவருடைய நினைவு வந்துவிடும், எழும்பிவிடுவேன்.

கிளென் வேவர்லிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் ஒருமுறை எங்கள் பின் கேற்றைத் தட்டுங்கள். அவருக்கு ஒரு பை கறிவேப்பிலை கொடுத்துவிட வேண்டும்.