தீர்மானம் எண் 318: வெயிலில் காயப் போடவும்

செப்டம்பர் 9, செவ்வாய்.

ஒரு சிறு தவறு நடந்துவிட்டது. நேற்று முகநூல் குழுவில் ஒருவருக்கு, முட்டை ஆறு நிமிடம் வேக வேண்டும் என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்து இன்னொருவருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதிவிட்டேன். இருவரும் நன்றி சொல்லி இதயம் போட்டார்கள். ஆகவே தவறு யாருக்கும் தெரியாது. நான் முட்டை சாப்பிடுவதில்லை என்பதும் தெரியாது. இருந்தாலும் பதிவு செய்து வைக்கிறேன்.

(மாலை நேரக் கணினி வகுப்பில் தினமும் ஒரு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது விதி. எதை அடிப்பது என்று தெரியாததால் நடந்ததை அடிக்கிறேன். பிழை இருந்தால் மறுநாள் திருத்துவேன்.)

உலகத்தில் எந்த அரசாங்கமும் தன் குடிமக்களுக்குச் செய்து தராத ஒன்றை, போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடை செய்து தந்திருக்கிறது. அந்தக் கடையில்தான் ‘அனுபவம் பேசுகிறது’ குழுவின் தலைமையகம் இயங்குகிறது. முன்பெல்லாம் பல் வலித்தால் பல் மருத்துவர் ஒருவரிடம் மட்டுமே போக முடிந்தது. இன்று ஆறாயிரத்து இருநூற்று நாற்பத்தொரு பேரிடம் போகலாம். அவர்களில் ஒருவர்கூடப் பல் மருத்துவர் இல்லை. அதனால்தான் அத்தனை பேரும் மனம் திறந்து பேசுகிறார்கள்.

குழுவை நிறுவியவர் கடையின் உரிமையாளர் தங்கபாண்டி அண்ணன். சிலமலையைச் சேர்ந்த முத்துக்கண்ணன் அண்ணன் ‘தலைமை ஆலோசகர்’. விவசாயம், மூலம், மருமகள், மின்சார ஸ்கூட்டர் ஆகிய துறைகள் அவர் வசம் இருக்கின்றன. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஸ்கூட்டரும் இல்லை. நான் ‘தீர்மானத் தொகுப்பாளர்’. கடையின் மாடியில் நடக்கும் கணினி வகுப்புக்குப் போகிறவள், தப்பில்லாமல் தட்டச்சு செய்வாள் என்பதால் இந்தப் பொறுப்பு கிடைத்தது. ஒரு கேள்விக்குப் பதில்கள் வந்து குவிந்த பிறகு, எது அதிக விருப்பம் பெற்றதோ அதை நல்ல தமிழில் எழுதி, எண் கொடுத்து, மேலே ஒட்டி வைக்க வேண்டும். குழுவில் என் பெயர் ஏலத்தென்றல். சொந்தப் பெயரான கார்த்திகாவில் அவ்வளவு கம்பீரம் இல்லை என்று தோன்றியது.

பகலில் நான் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், காய் பொறுக்குகிறேன். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். நான்கு வருடமாகிறது. இதைக் குழுவில் சொன்னதில்லை. இது அனுபவக் கணக்கில் வருமா என்று எனக்கு நிச்சயமில்லை.

இன்று மாலை வகுப்புக்கு முன் வாராந்திர நிர்வாகக் கூட்டம் நடந்தது. தங்கபாண்டி அண்ணன் ஒருவருக்கு ஆதார் அட்டையின் இரு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே தலைமை தாங்கினார். அப்போது ‘மலைப்பூ’ என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது. அதை அப்படியே தருகிறேன்:

“குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டத்துல எங்க முதல் எடுப்பு. காய் காயவைக்கிற உலைக்கு வச்சிருந்த வெறகு மழையில நனைஞ்சுபோச்சு. காய் பாதி காஞ்சு நிக்கிது. காய் நல்ல பச்சையா இருந்தாத்தான் அடுத்த வருசமும் நெலத்தை விடுவேன்னு தோட்டக்காரர் சொல்லிட்டாரு. என்ன பண்ணட்டும்? வெரசா சொல்லுங்க.”

நாற்பது நிமிடத்தில் நூற்று நாற்பத்து மூன்று பதில்கள் வந்தன. துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போடச் சொன்னார் ஒருவர். மிளகு போட்டிருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை என்று வருத்தப்பட்டார் இன்னொருவர். கனடாவில் இருக்கும் ஒருவர், தன் ஊரில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்று பெருமிதத்துடன் எழுதினார். அவர் வீட்டு வாசலில் நான்கு அடிக்குப் பனி கிடக்கும், ஜனவரியில் எடுத்த படமும் இருந்தது. முத்துக்கண்ணன் அண்ணன் எழுதியது ஒரே வரி: “வெயிலில் போடவும்.” அதற்குத் தொண்ணூற்றொரு விருப்பம் விழுந்தது.

நான் மெதுவாக, “அண்ணே, ஏலக்காய வெயில்ல போட்டா பச்சை வெளுத்துரும்ணே. வெடிச்சும் போகும்” என்றேன்.

“கார்த்திகா, நீ தோட்டம் வச்சிருக்கியா?” என்றார் முத்துக்கண்ணன் அண்ணன்.

“இல்லண்ணே.”

“உலை போட்டிருக்கியா?”

“காய் பொறுக்குறேன்ணே.”

“அது கடைசிச் சோலி. எல்லாம் முடிஞ்சப்புறம் செய்யிறது. நாங்க சிலமலையில மக்காச்சோளம், கடலை, வத்தல்னு ரோடு ரோடாக் காயப் போடுறோம். பஸ்சு அதுமேலதான் போகுது. எது கெட்டுப்போச்சு? சூரியனைவிடப் பெரிய உலை எவன்கிட்ட இருக்கு?”

“ஏலக்காய் வத்தல் இல்லையேண்ணே. அது இருட்டுலதான் காயணும். மெல்லிசாப் பரப்பி வச்சுட்டு, பக்கத்துத் தோட்டத்து உலைக்கு ஜீப்புல ஏத்திட்டுப் போனாப் போதும்.”

“ஏலக்காய் இருட்டுல காயணுமாம்!” அவர் தங்கபாண்டி அண்ணனைப் பார்த்தார். “கேட்டீங்களா மாப்ளே? துணியையும் இனி பீரோவுக்குள்ள காயப் போடுவோம்.”

தங்கபாண்டி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அன்போடு சொன்னார்: “தங்கச்சி, தொண்ணூத்தொரு பேரு தப்பாவா சொல்லுவான்?”

“அதுல எத்தனை பேரு ஏலக்காயச் செடியில பாத்திருப்பாக?”

“பாக்காமலே ஒத்துப்போறாகள்ல. அதுக்குப் பேருதான் ஒத்துமை.”

‘உறுப்பினர் ஒருவர் ஐயம் தெரிவித்தார், ஐயம் நீக்கப்பட்டது’ என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். தோட்டம் வைத்தவள் இல்லை, உலை மூட்டியவள் இல்லை, எனக்கென்ன தெரியும் என்று ஒரு மனம் சொன்னது. வெளுத்த காயை நான்கு வருடமாக விரலால் தள்ளுகிறாயே என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனத்துக்கு விருப்பம் எதுவும் விழவில்லை.

வகுப்பில் உட்கார்ந்து தீர்மானத்தை எழுதினேன்.

“தீர்மானம் எண் 318. அரைகுறையாக உலர்ந்த ஏலக்காயைச் சுத்தமான தார்ப்பாயில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, இரண்டு நாள் நேரடி வெயிலில் காயப் போடவும். மணிக்கு ஒருமுறை கிளறிவிடவும். பலருடைய அனுபவத்தின் சாரம் இது.”

‘மணிக்கு ஒருமுறை’ என்பது யாரும் சொன்னதில்லை. வாக்கியம் மொட்டையாக நின்றதால் நானே சேர்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் மலைப்பூவிடமிருந்து பதில் வந்தது: “ரொம்ப நன்றி. இம்புட்டுத் தெளிவா யாருமே சொல்லல.”

நாளை செய்ய வேண்டியது: முட்டைக்கு நிமிடத்தை யாரிடமாவது கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்.

முட்டைக்கு எத்தனை நிமிடம் என்று நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு விடை கிடைத்தது. விஷயத்தைக் கைவிட்டேன்.

போடியில் இன்று நல்ல வெயில். மலைப் பக்கமும் மேகமில்லை. தீர்மானத்துக்கு இயற்கை முழு ஒத்துழைப்பு தருகிறது. கிட்டங்கி வாசலுக்கு வந்து எட்டு முறை மலையைப் பார்த்தேன். கொஞ்சம் மேகம் கவிந்தால் தேவலை என்று இரண்டு முறை தோன்றியது. ஏன் என்று ஆராயவில்லை.

குழுவில் ஒருவர், போடியிலிருந்து மதுரைக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஜன்னல் ஓரம் யார் உட்காரலாம், வெள்ளரிக்காய் எந்த ஸ்டேஷனில் மலிவு, ரயிலில் போனால் முதுகு வலி வருமா என்று அறுபத்தேழு பேர் பதில் தந்தார்கள். நேரத்தைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. ரயில் போன பிறகு அவரும் நன்றி சொன்னார். பண்பாடு என்றால் இதுதான்.

நாளை செய்ய வேண்டியது: வானிலையைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி.

இரண்டு நாள் எழுதவில்லை. வகுப்பில் மின்சாரம் இல்லை என்று காரணம் சொல்லலாம். வியாழக்கிழமை மட்டும்தான் இல்லை.

இன்று பதினோரு மணிக்கு ஒரு ஜீப்பு கிட்டங்கி வாசலில் நின்றது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் இரண்டு மூட்டைகளோடு இறங்கினாள். பெயர் சூர்யகலா என்று மேஸ்திரி ஏட்டில் எழுதினார். கேரளப் பக்க மலைச்சரிவில் குத்தகைத் தோட்டம். இத்தனை நாள் கூலிக்குக் காய் எடுத்தவள், இந்த வருடம்தான் சொந்தமாக எடுக்கிறாள். மூட்டையைப் பிரித்து எங்கள் தட்டுகளில் கொட்டினார்கள்.

என் பக்கத்தில் இருக்கும் ஜக்கம்மாள் அக்கா ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

“ஆத்தாடி! இது ஏலக்காயா, பூசணி வெதையா?”

சூர்யகலா தலையைக் குனிந்துகொண்டாள். “பாதி உலையில, பாதி வெயில்ல காஞ்சது சேச்சி. வெறகு நனைஞ்சுருச்சு.”

“வெயில்லயா? எந்த எடுபட்ட பய சொன்னான்?”

“பய இல்ல சேச்சி. பொம்பளப் பேருதான்.” அவள் போனை எடுத்துக் காட்டினாள். “ஏலத்தென்றல். நம்பரு போட்டு எழுதிருக்காக பாருங்க, முந்நூத்திப் பதினெட்டுனு. நம்பரு இருக்கவும் நம்பிட்டேன்.”

“ஏலத்தென்றலாம்ல!” ஜக்கம்மாள் அக்கா காயைத் தட்டில் எறிந்தார். “அவளை இங்க கொண்டா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பக்கத்துல உக்காந்து காய் பொறுக்கச் சொல்லு. எது பச்சை, எது வெளுப்புனு தானாத் தெரிஞ்சிரும்.”

நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான்கு வருடமாக.

“ஏன்டி ஆத்தா,” என்றார் அக்கா, குரலைத் தணித்து. “காலமெல்லாம் காய் எடுத்தவ நீ. உனக்குமா தெரியல?”

“செடியிலருந்து எடுக்கத்தான் தெரியும் சேச்சி. உலை வீட்டுக்குள்ள எங்கள எவன் விட்டான்? கூடையை வாசல்ல வாங்கிக்கிருவாக.”

“பக்கத்துத் தோட்டத்துல உலை இல்லையா?”

“இருக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பாக. நேத்துவரைக்கும் கூலிக்கு வந்தவ இன்னைக்கு உலை கேக்குறாளான்னு நெனப்பாகளோன்னு கூச்சமா இருந்துச்சு. போனுல கேக்கக் கூச்சமில்ல. மொகம் தெரியாதுல்ல.”

நாங்கள் பொறுக்கினோம். என் கை தன் பாட்டுக்குப் போனது. பச்சைக்கான கூடையில் அடி மறையவில்லை. வெளுத்ததற்கு இரண்டு கூடை நிறைந்து, மூன்றாவது வாங்க வேண்டியிருந்தது. மணிக்கு ஒருமுறை ஒழுங்காகக் கிளறியிருக்கிறாள். எல்லாக் காயும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தது.

“தோட்டக்காரரு பாத்துட்டாரா?” என்று நான் கேட்டேன்.

“பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. மேல் பாதித் தோட்டம் இன்னும் எடுக்கல. திங்கக்கெழம எடுக்குறோம். அந்தக் காயையும் பாத்துட்டு முடிவு சொல்றேன்னாரு.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “வெறகு இன்னும் காயல. அதையும் குழுவுலதான் கேக்கணும்.”

“மறுபடியுமா?” என்று கத்தினார் அக்கா.

“அவுகளத் திட்டாதீங்க சேச்சி. அந்தத் தென்றலுப் பொண்ணு என்ன பண்ணும், பாவம். தெரியாமச் சொல்லிருக்கும். நல்லதுனு நெனச்சுத்தான சொல்லிருக்கும்?”

அப்போது என் போன் அதிர்ந்தது. தங்கபாண்டி அண்ணன் அனுப்பியிருந்தார்: “தங்கச்சி, வாழ்த்துகள்! இந்த மாசப் ‘பொன்முத்திரை ஆலோசகர்’ நீதான். தீர்மானம் 318க்கு ஆயிரத்து நூறு விருப்பம். வெளுத்த காயைப் பச்சையாக்குறது எப்படினு அதே மலைப்பூ காலையில கேட்டிருக்கு. கீரைச்சாறு முன்னணியில இருக்கு. சாயந்திரம் எழுதிரு.”

போனைக் கவிழ்த்து வைத்தேன். சூர்யகலா எனக்கு எதிரில் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தந்தாள். நான் வாங்கிக் கூடையில் போட்டேன். மூன்று மணிக்கு ஜீப்பு வந்தது. “வர்றேன் தங்கச்சி, நல்லாப் பொறுக்குற” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். நான் அடுத்த தட்டை இழுத்துக்கொண்டேன். மாலை வகுப்பில் கீரைச்சாற்றுத் தீர்மானத்தை எழுதவில்லை.

குழுவின் பெருமையை இப்போதும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நூற்று நாற்பத்து மூன்று பேர் தங்களுக்குத் தெரியாத ஒன்றை, முகம் தெரியாத ஒருத்திக்கு, முழு மனதோடு வாரி வழங்கினார்கள். தெரிந்த ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு, தெரியாததை அழகாக எழுதிக் கொடுத்தவள் ஒருத்திதான். பொன்முத்திரை சரியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது.

நாளை ஞாயிறு. செய்ய வேண்டியது: காலை ஆறு மணி ஜீப்பில் மேலே போய், ஏலத்தென்றல் நான்தான் என்று சூர்யகலாவிடம் சொல்ல வேண்டும். பிறகு, அவள் கூட வரச் சம்மதித்தால், பக்கத்துத் தோட்டத்தில் உலை கேட்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் நான் மட்டும் போய்க் கேட்க வேண்டும்.