சேர்ந்துசெய்வோமும் எல்லைக் கால்வாயும்

சேர்ந்து செய்யலாம் என்று சொல்லியே எதையும் செய்யாமல் காலம் தள்ளுகிற ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகராட்சி அலுவலகத்தில், பருவநிலைப் பிரிவு என்று பலகை மாட்டிய அறையில், ஏசியை உடம்பு நடுங்குமளவு வைத்துக்கொண்டு, பூமி சூடாவதை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நம்மவரும் அந்த இனம்தான். அலுவலகத்தில் அவருக்குச் 'சேர்ந்துசெய்வோம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவருடைய நகராட்சிக்கும் பக்கத்து நகராட்சிக்கும் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. பிளாஸ்டிக்கும் உடைந்த சோபாவும் அடைத்துக் கிடந்தது. இப்போதெல்லாம் மழை பெய்வதில்லை, கொட்டுகிறது. வீடுகள் தாங்காது, தூர்வாருங்கள் என்று இருகரை மக்களும் வந்து நின்றார்கள். உடனே வாரிவிட முடியுமா? அப்புறம் ஒத்துழைப்பு என்னாவது? இரு நகராட்சிக்கும் ஒரு கூட்டுக் குழு, குழுவுக்கு ஒரு துணைக் குழு, துணைக் குழுவுக்கு ஒரு சின்னம் என்று வளர்ந்து, சின்னத்தில் எந்த ஊர்ப் பெயர் மேலே வருவது என்பதிலேயே கோடை முழுவதும் போயிற்று.

கரையில் குடியிருந்த அவருடைய சொந்த அக்காவே கேட்டாள்.

"ஏன்டா தம்பி, எப்பத்தான் வாருவீங்க?"

"பேசிட்டிருக்கோம்க்கா. அவங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் செய்யணும்."

"அதுக்குள்ள தண்ணி எங்களக் கூட்டிக்கிட்டுப் போயிடும் போலிருக்கே."

கொட்டியது மழை. ஒரு காலை, கூட்டத்தின் நடுவே அக்காவிடமிருந்து போன்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சுடா. உங்க மாமாவக் கட்டிலோட தூக்கணும், ஆளில்ல."

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. "எந்தக் கரையிலேர்ந்துக்கா வருது?"

"எட்டிப் பாத்துட்டுச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சுருக்கென்றது. எழுந்தவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடினார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வாதத்தில் விழுந்திருந்த மாமாவை, எதிர்க்கரையிலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த இருவரோடு மேட்டுக்குத் தூக்கினார். யார் தலைப்பக்கம், யார் கால்பக்கம் என்று விவாதம் நடக்கவில்லை. பிறகு அதே கயிற்றைக் கட்டி இருகரையாரும் அடைப்பை இழுத்தார்கள். அவரும் இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. தண்ணீர் வடிய வடிய, வெட்கம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. நிஜமாகத்தான்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். சேறு காய்வதற்குள், அன்று மக்களிடம் கண்ட ஒத்துழைப்பை நிலைநிறுத்த ஒரு புதுக் குழு பிறந்தது. தலைவர் அவரே. அக்காவையும் உறுப்பினராக்க நேரில் போனார். ஈர மெத்தையை வெயிலில் புரட்டிக்கொண்டிருந்தவள், "அந்தப் பக்கம் பிடி" என்றாள்.

"அக்கா, இது ஒரு நல்ல..."

"பேசாமப் பிடிடா."

பிடித்தார்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அப்படியே உரித்துவைத்தாற்போல் இருக்கிறது, இதை அவருக்கு அனுப்பிவிடலாம் என்று கை பரபரக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்று: உங்கள் வாசல் வடிகால் அடைத்துக் கிடக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரரும் வரட்டும், சேர்ந்தே எடுத்துவிடலாம் என்றுதானே விட்டுவைத்திருக்கிறீர்கள்?