அம்சாவின் பைக்கை முன்னால் இறக்கிய வரலாறு

ஐயம்பேட்டை,
வியாழக்கிழமை

அன்புள்ள மைத்துனன் மணிவண்ணனுக்கு, மாமா பரசுராமன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது கட்டைவிரல் ஒன்றைத் தவிர அனைவரும் நலம். செய்யாறில் நீயும் சுகாசினியும் பிள்ளைகளும் எல்லா விரல்களோடும் நலமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் உன் அக்காவுக்குக் கேட்கிறது. வாட்ஸப்பில் அனுப்பினால் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். இந்த ஊரில் இன்னும் அவள் பக்கம் சாயாதவர் தபால்காரர் ஒருவர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா அம்சா கிராம சுகாதாரச் செவிலியராக இருபத்தெட்டு வருடம் மொபெட்டில் ஊர் ஊராகச் சுற்றியது போதாதென்று, ஓய்வு பெற்ற மறுமாதமே வாலாஜாபாத்தில் ஓர் இன்ஜினியரிடமிருந்து பழைய டூரிங் பைக் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். நாள் கணக்கில் தொலைதூரம் போகிறவர்கள் ஓட்டுகிற வண்டி. எடை இருநூறு கிலோ. இன்ஜினியர் ஆறடி உயரம். உன் அக்காவின் உயரம் உனக்கே தெரியும், நான் எழுதினால் வம்பு. ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. செருப்பு மட்டும் கழன்று விழுந்து தரையைத் தொட்டது. தெருவே கூடி ஆலோசனை சொன்னது. வண்டிமேல் உட்கார்ந்திருப்பவள் அவள், கேள்வியெல்லாம் எனக்கு. "சார், மேடம் பிரேக் புடிப்பாங்களா?" "சார், மேடத்துக்கு ரிவர்ஸ் எடுக்க வருமா?" என்னோடு காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அழகியமணவாளன், சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், மிகவும் நயமாகத்தான் சொன்னார்: "பெருமாளே தானா வாகனத்துல ஏறறதில்லையே, நாலு பேர் எழுந்தருளப் பண்றா. இவா ஏன் சிரமப்படணும்?" உன் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "பெருமாளுக்கு லைசென்ஸ் இல்ல சார், எனக்கு இருக்குது" என்றாள். அன்றிலிருந்து அவர் வேறு தெருவில் நடக்கிறார்.

பிறகு ஜோசுவா என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் பின்பக்க சஸ்பென்ஷனில் ஏதோ இரண்டு இரும்புப் பட்டைகளை மாற்றி, பின்பக்கத்தை மூன்று சென்டிமீட்டர் இறக்கிக் கொடுத்தார். கால் எட்டிவிட்டது. ஆனால் வால் இறங்கியதும் மூக்கு தூக்கிக்கொண்டது. ஹெட்லைட் சாலையை விட்டுவிட்டு மாடி வீடுகளின் ஜன்னலைப் பார்த்தது. ஹேண்டில் பிடிப்பில்லாமல் லேசாகிவிட்டது. சைடு ஸ்டாண்டும் இப்போது நீளம் அதிகமாகிவிட்டதால், வண்டி சாயாமல் நேராக நின்று, யோசித்து, எதிர்ப்பக்கமாக என் துளசித் தொட்டியின்மேல் சாய்ந்தது. ஜோசுவா ஸ்டாண்டைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, "அக்கா, பின்னாடி எறக்கனா முன்னாடியும் கொஞ்சம் எறக்கணும். முன் ஃபோர்க்குல ரெண்டு பைப்பு, அத்த புடிச்சிக்கினு இருக்கற கிளாம்ப லூஸ் பண்ணி, பைப்ப மேல தள்ளி டைட் வெக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு, அதான் முக்கியம். தங்கச்சி கல்யாணம் இருக்குது, புதன்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை வரை காத்திருப்பதா? பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். நேரக் காப்பாளர்தானே என்று உன் அக்கா சொல்லுவாள். உண்மைதான், நோட்டில் நேரம் எழுதினேன். ஆனால் நான் எழுதாமல் ஒரு வண்டி வெளியே போனதுண்டா? ஞாயிற்றுக்கிழமை அவள் திருப்பருத்திக்குன்றத்தில் பிறந்த ஒரு குழந்தையைப் பார்க்க பஸ்ஸில் போயிருந்த சமயம், பக்கத்து வீட்டு நெசவாளர் ஆனந்தராஜைத் துணைக்குக் கூப்பிட்டேன். சேலையில் புட்டா ஒரு நூல் தள்ளினாலே தூக்கம் வராத மனிதர் அவர். "அண்ணா, இன்ஜினுக்கு அடியில கட்டை ஒண்ணு முட்டு குடுத்துடலாமா? ஒரு பக்கம் முடிச்சுட்டு இன்னொரு பக்கம் போலாமா?" என்று கேட்டார். பணிமனை அனுபவம் இல்லாதவர்கள் இப்படித்தான் பயப்படுவார்கள் என்று விளக்கிவிட்டு, எல்லா போல்ட்டையும் ஒரேயடியாகத் தளர்த்தினேன். வண்டி அப்படியே மூக்குக்குப்புற இறங்கி என் காலில் விழுந்து வணங்கியது. பைப்புகள் கிளாம்பைத் தாண்டி மேலே எழும்பின. மேலே எழும்பிய இடத்தில், ஹேண்டில்பாருக்கு அடியில், என் கட்டைவிரல் இருந்தது. நான் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுத் தறி நின்றுவிட்டது. ஆனந்தராஜ் தோள்கொடுத்துத் தூக்கியதால் விரல் மிஞ்சியது. பிறகு அவர் ஸ்கேல் எடுத்துவரக் கிளம்பினார். ஸ்கேல் எதற்கு, ஒரு கட்டைவிரல் அகலம் போதும் என்று நானே அளந்தேன். இடது பைப்பை இடது கட்டைவிரலால் அளந்தேன், வலது பைப்பை வலது கட்டைவிரலால். வலது கட்டைவிரல் அந்நேரம் கத்தரிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது என்பதை அவசரத்தில் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவள் தென்னேரிக்குக் கிளம்பினாள். ஏதோ சுத்தமாகத் துடைத்துவைத்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஷேர் ஆட்டோ நிற்கிற வளைவு வரைக்கும்தான் போனாள். வளைவில் அவள் இடது பக்கம் திருப்ப, வண்டி எனக்கு அந்த ஊர் வேண்டாம் என்பதுபோல் வலது பக்கம் இழுக்க, நேராக ஆட்டோ வரிசைக்குள் நுழைந்து, இட்லிக் கடை வைத்திருக்கும் கங்கையம்மாளின் தண்ணீர்க் குடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. இரண்டு காலையும் ஊன்றி நிறுத்திவிட்டாள், விழவில்லை. ஆனால் ஆட்டோக்காரர்கள் விடுவார்களா? "பொம்பளைக்கு எதுக்குமா இவ்ளோ பெரிய வண்டி?" என்று ஒருவர் தொடங்க, கங்கையம்மாள் கரண்டியை நீட்டி, "ஏம்பா, போன வாரம் நீ என் அடுப்பு மேல ஆட்டோவ ஏத்துனியே, அப்ப நீ பொம்பளையா இருந்தியா?" என்று கேட்டாராம். இதை எனக்குச் சொன்னவர்கள் பதினோரு பேர்.

உன் அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. "முன்னாடி யார் கை வெச்சது?" என்றாள். ஜோசுவா என்றேன். மணிவண்ணா, அந்த ஒரு வார்த்தைக்காக நான் இப்போதும் வெட்கப்படுகிறேன், இதை நீ யாரிடமும் சொல்லாதே. புதன்கிழமை அந்த மனுஷன் கல்யாணக் களைப்போடு வந்து, "நான் முன்னாடி தொடவே இல்லயே சார்" என்று கட்டுப் போட்டிருந்த என் விரலைப் பார்த்தார். உன் அக்காவும் பார்த்தாள். ஆனந்தராஜ் எனக்காகப் பொய் சொல்ல வாயைத் திறந்து, வராமல் மூடிக்கொண்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஜோசுவா இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி வைக்க, இவளே வெர்னியர் அளவுகோல் பிடித்து அளந்து, இரண்டு பக்கமும் சரியாகப் பதினெட்டு மில்லிமீட்டர் வைத்து, போல்ட்டை முடுக்கினாள். நான் டார்ச் பிடித்தேன். அதையும், "கொஞ்சம் கீழ காட்டுங்க, மூஞ்சில அடிக்காதீங்க" என்றாள். இப்போது வண்டி நூல் பிடித்ததுபோல் நேராகப் போகிறது. அதுதான் பிரச்சினையே. நேராகப் போனால் தனுஷ்கோடி வரை போகலாமாம். பதினோரு நாள் திட்டம், வரைபடம் சுவரில் ஒட்டியாகிவிட்டது.

ஆகவே, நீ உடனே புறப்பட்டு வந்து தம்பி என்ற உரிமையில் அவளைத் தடுக்க வேண்டும். அறுபது வயது, வெயில், லாரிகள், ஊர்ப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துச் சொல். நான் சொன்னால் கட்டைவிரலைப் பார்க்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததாகத் தெரிய வேண்டாம். சுகாசினிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, படிப்பும் பல்லும் உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு, உன் நன்மையையே நாடும்,
மாமா பரசுராமன்

பின்குறிப்பு: சனிக்கிழமை. தபால் பெட்டி வரைக்கும் போகிறேன் என்று கிளம்பியபோது, "ஏறுங்க, நான் வுடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். "இருவத்தெட்டு வருசமா என் பின்னாடி தடுப்பூசிப் பொட்டிதான் குந்திக்கினு வந்துச்சு. நீங்க ஒரு நாளாவது குந்தினீங்களா? பின் சீட்டு அகலமா இருக்குதேன்னுதான் இந்த வண்டியவே வாங்கனேன்" என்றாள். ஏறினேன். தபால் பெட்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. தென்னேரி ஏரிக்கரையில்தான் இறங்கினேன். மணிவண்ணா, காற்று! நீ வர வேண்டாம். நாளை ஒத்திகையாக நாங்களே செய்யாறுக்கு வருகிறோம். இந்தக் கடிதம் அவள் வண்டியின் பெட்டியில், அவள் கையாலேயே உனக்கு வந்து சேரும். உறைக்குள் என்ன என்று கேட்டதற்கு, உன் மகளின் ஜாதகக் குறிப்பு என்று சொல்லியிருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு, நல்ல ஜாதகம் என்று அவள் காதில் விழும்படிச் சொல்.