பாலகாட் டிரெபிள் தணிப்புக் குழு

உலகம் தோன்றிய நாளிலிருந்து காதுக்காக இத்தனை பாடுபட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். அது கோலார் தங்கவயல் பாலகாட்டில், இறக்கத்தில் திரும்பியதும் இடதுபக்கம் மூன்றாவதாக இருக்கிறது. வீட்டுக்காரர் பெயர் சைலஸ். தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். அந்த வீட்டில் நடந்த மாபெரும் ஒலி ஆராய்ச்சிக்குச் செயலாளராக இருக்கும் பேறு மனோகராகிய எனக்குக் கிடைத்தது. நான் பக்கத்து வீடு. வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

சைலஸ் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று கறுப்பு, மற்றது மரநிறம். பத்து நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இந்த வகைக்கு 'புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்' என்று பெயர். பெயரே அப்படி ஆணையிட்டபின் மறுப்பு ஏது? சைலஸின் மனைவி லவினாவின் பி.எட். புத்தகங்கள் அலமாரியைக் காலிசெய்து கட்டிலுக்கு அடியில் குடியேறின.

முதல் நாளே விபரீதம் தெரிந்துவிட்டது. மேலே தகரக் கூரை, கீழே சிமென்ட் தரை, சுற்றிலும் வெறும் சுவர். கறுப்பு ஜோடியில் ஜால்ரா ஒலித்தால் காதுக்குள் யாரோ ஊசியால் குத்துவதுபோல் இருந்தது. மரநிற ஜோடி அதே ஊசியை எண்ணெய் தடவிக் குத்தியது.

உடனே குழு அமைக்கப்பட்டது. தலைவர், ஹரோல்ட் அங்கிள். சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் டிரில்லிங் மெஷினோடு ஷிஃப்ட் பார்த்தவர். இடது காது முழு ஓய்வு பெற்றுவிட்டது. வலது காது பகுதிநேரப் பணியில் இருக்கிறது. எந்த ஸ்பீக்கருக்கும் பாரபட்சம் காட்ட அவரால் முடியாது என்பதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம்.

"அங்கிள், வூட்ல டிரெபிள் ஜாஸ்தி ஆயிடுச்சி" என்று சைலஸ் பிரச்சினையைத் தாக்கல் செய்தார்.

"யார் வூட்ல டிரபிள் இல்ல? லவினா நல்ல பொண்ணு. நீதான் அனுசரிச்சிப் போவணும்" என்றார் தலைவர்.

"டிரபிள் இல்ல அங்கிள், டிரெபிள்! கீச்சு கீச்சுன்னு காதுல ஏறுதே, அது!"

"அதான்பா நானும் சொல்றேன். அனுசரிச்சிப் போ."

தலைவரின் இந்த முதல் தீர்ப்பை நடவடிக்கைக் குறிப்பில் பதிவுசெய்தேன்.

பிறகு 'மென்மையாக்கல் பணிகள்' தொடங்கின. சுவர்களில் கம்பளிகள் ஏறின. ஜன்னலுக்கு லவினாவின் கல்யாணப் பட்டுப்புடவை திரையானது. மெத்தை மூலையில் நிமிர்ந்து நின்று, 'பாஸ்' என்கிற கனத்த ஒலியைக் காவல் காத்தது. புருஷன் பெண்சாதி இருவரும் பாயில் படுத்தார்கள். தாள் சத்தத்தைக் குடிக்கும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததால், பி.எட். புத்தகங்கள் கட்டிலடியிலிருந்து மீட்கப்பட்டுச் சுவரோரம் அடுக்கப்பட்டன. அவை படிக்கவும் உதவும் என்பதை அந்த இணையக்காரர் குறிப்பிடவில்லை.

அடுத்து எவர்சில்வர் பாத்திரங்களுக்குத் தடை. கேட்கும் நேரத்தில் குக்கர் விசிலுக்கும் தடை.

"அப்போ சோறு?" என்று லவினா கேட்டார்.

"சத்தம் வராத சோறா ஆக்கு" என்றார் சைலஸ். "இன்னொண்ணு. என்னைப் பேர் சொல்லிக் கூப்புடாத. முன்னாடி ஒரு 'ச', பின்னாடி ஒரு 'ஸ்'. ரெண்டும் தகரத்துல பட்டுத் திரும்பி வந்து குத்துது."

"பின்ன இன்னான்னு கூப்புடறது?"

"'என்னங்க'ன்னு கூப்புடு. அதுல டிரெபிளே கெடையாது."

லவினா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகு எப்படியும் கூப்பிடவில்லை. வீட்டு ஒலிச்சூழல் வெகுவாக முன்னேறியிருப்பதாகக் குழு திருப்தி தெரிவித்தது.

வியாழக்கிழமை மாலை லவினா மறுபடியும் ஒரு சத்தம் எழுப்பினார். "கோலார்ல ஒரு ஸ்கூல்ல கூப்ட்டுக்கீறாங்க. டீச்சர் வேலை. சனிக்கிழமை வரச் சொல்றாங்க. பி.எட். முடிச்சி ஆறு வருஷத்துல இப்பத்தான் ஒருத்தங்க கூப்புடறாங்க."

சைலஸ் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா! அருமை, அருமை!" என்றார். மனைவியைப் பாராட்டுகிறார் என்று நெகிழ்ந்துபோனேன். ஸ்பீக்கரில் ஓடிய வயலினைத்தான் சொன்னார் என்று பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கறுப்பு ஸ்பீக்கரின் முகத்தைக் கொஞ்சம் குனியவைத்தால் ஊசி நேராகக் காதில் இறங்காது! கையில் அகப்பட்ட தடித்த நீல ஃபைல் ஒன்றை ஸ்பீக்கரின் பின்பக்கம் அடியில் செருகினேன். ஆம், நான்தான். பலன் அபாரம். சைலஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை காலை இறுதி அமர்வு. நான் போனபோது லவினா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் பதற்றம்.

"அண்ணா, என் சர்ட்டிஃபிகேட் ஃபைலைக் காணோம். இவரைக் கேட்டா ஒரு விரலைத் தூக்கி 'இரு'ங்கறாரு. பஸ்ஸு எனக்காக நிக்குமா? ஜெராக்ஸை எடுத்துகினு போறேன். தேடி வெக்கச் சொல்லுங்க."

"சொல்றேம்மா. நீ தைரியமாப் போ" என்று அனுப்பிவைத்தேன். மறக்காமல், கூட்டத்தின் பொருள் நிரலில் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் ஏழாவதாகக் குறித்துக்கொண்டேன். அன்று கூட்டம் மூன்றாவதைத் தாண்டவில்லை.

அமர்வின்போது செல்போன் ஒலிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே லவினாவின் அழைப்புகள் ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போயின. பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. ஸ்பீக்கரோடு இணைத்திருந்த செல்போனில் பாட்டை மாற்றப் போன சைலஸின் விரல் அதன்மேல் பட்டது. ஸ்பீக்கரில் லவினாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"சைலஸ், நான் ஸ்கூல்லதான் கீறேன். ஜெராக்ஸ் செல்லாதாம். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்ஸ் வேணுமாம். ஃபைலைத் தேடி எடுத்துகினு பன்னெண்டு மணிக்குள்ள வந்துடு சைலஸ். இல்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ப்ளீஸ், சைலஸ்."

சைலஸின் கண்கள் பளபளத்தன.

"அண்ணா! எத்தினி 'ச', எத்தினி 'ஸ்' கவனிச்சீங்களா?"

"பத்துக்குக் கம்மியில்ல" என்றேன்.

"டிரெபிள் டெஸ்ட்டுக்குன்னே செஞ்ச மாதிரி கீது!"

குழு பரவசத்தோடு வேலையில் இறங்கியது. கறுப்பில் ஒருமுறை, மரநிறத்தில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிக் கேட்டோம். 'சைலஸ்'ஸின் வாலில் கறுப்பு கொட்டுகிறது என்று குறித்தேன். 'ப்ளீஸ்' மரநிறத்தில் பட்டுப்போல் வழுக்குகிறது என்று குறித்தேன். சைலஸ் கம்பளியை ஓர் அங்குலம் நகர்த்தினார், மறுபடி கேட்டோம். ஜோடிக்கு ஏழு தடவை, ஆக மொத்தம் பதினாலு தடவை. இத்தனை கவனமாக ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்ட ஆண்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்க மாட்டார்கள்.

பதினொன்றரைக்கு இரண்டாவது செய்தி வந்தது. "சைலஸ்! ஃபோனை எடு சைலஸ்! மேடம் எனக்காக வெயிட் பண்றாங்க, சீக்கிரம் வா!"

"இதுல எமோஷன் கீதுண்ணா!" என்று சைலஸ் துள்ளினார். "மரநெறத்துல கேளுங்க, அழுவற மாதிரியே கேக்குது."

"அழுகையோட ஈரம்கூடத் தெரியுதுப்பா" என்று நான் வழிமொழிந்தேன்.

பன்னிரண்டே காலுக்கு மூன்றாவது செய்தி. இரண்டே சொல். "சரி. விடு."

இரண்டு ஜோடியிலும் போட்டுப் பார்த்தோம். கொட்டவில்லை, குத்தவில்லை. குரல் தாழ்ந்து, இதமாக, காதுக்குத் துளியும் தொந்தரவில்லாமல் வந்தது.

"அடங்கிடுச்சி! டிரெபிள் அடங்கிடுச்சி!" என்று சைலஸ் என்னைக் கட்டிக்கொண்டார்.

அப்போது தலைவர் தொண்டையைச் செருமினார். "ஏம்பா, அந்தப் பொண்ணு பன்னெண்டு மணிக்குள்ள ஃபைலை எடுத்துகினு வரச் சொல்லிச்சே, யாரு போறீங்க?"

தலைவருக்கு மேல் ஸ்தாயி எதுவும் காதில் விழாது. ஆகவே, பாவம், அவருக்கு மிஞ்சியது வார்த்தைகள் மட்டும்தான்.

"அங்கிள்! இதை மொதல்லியே சொல்லக் கூடாதா?" என்று சைலஸ் அலறினார்.

"மனோகர் எழுதிகினே இருந்தாரே? இன்னா பண்ணணும்னுதான் எழுதறாருன்னு நெனச்சேன்."

அடுத்த அரை நிமிஷத்தில் சைலஸ் அலமாரி, பெட்டி, புத்தகக் குவியல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நான் செருகியது எது என்று அப்போதுதான் உறைத்ததால், எனக்குத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கறுப்பு ஸ்பீக்கரைத் தூக்கி, அடியிலிருந்த நீல ஃபைலை உருவி அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பறித்துக்கொண்டு ஓடினார். பைக்கைக் கிளப்பினார்; நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கோலாரை அடைந்தபோது மணி ஒன்றேகால். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் லவினா தனியாக நின்றுகொண்டிருந்தார். தலைமையாசிரியை பன்னிரண்டு பத்துவரை பொறுத்துப் பார்த்தாராம். அடுத்த ஆள் ஒரிஜினலோடு வந்திருந்தார். வேலை அவருக்குப் போய்விட்டது.

சைலஸ் ஃபைலை நீட்டினார். லவினா திறந்து பார்த்தார். மேலாக இருந்த பி.எட். சர்ட்டிஃபிகேட்டில் ஸ்பீக்கரின் ரப்பர் கால் வட்டமாகப் பதிந்திருந்தது. அதைத் துப்பட்டா நுனியால் துடைத்தார். போகவில்லை. மூடிவைத்துக்கொண்டார்.

"தப்புதான் லவினா" என்றார் சைலஸ். "திட்டிடு. கத்திடு. எதுனா சொல்லு."

லவினா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் வந்தது. இந்த மௌனம் குழுவின் நற்பெயருக்கு உகந்ததல்ல என்று எனக்குத் தோன்றியது. செயலாளர் என்ற முறையில் முன்னே போய்ச் சொன்னேன்:

"நாங்க அலட்சியமா இருந்துட்டோம்னு மட்டும் நெனைக்காதம்மா. உன் மெசேஜை அவ்ளோ கவனமா கேட்டோம். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாலு தடவ கேட்டோம்."

லவினா பஸ்ஸில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"ஒரு தடவ கேட்டிருந்தா போதுமேண்ணா" என்றார்.