விழாத கன்டெய்னர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களை நம்பக் கூடாது. அந்த வரிசையில் நான்தான் முதல் ஆள்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் முழுக்க என் பொறுப்பு. ஆர்டர், பார்கோடு, பெட்டிக்கு லேபிள் என்று வேலைக்கு ஒரு மென்பொருள். ஒவ்வொன்றும் எங்கள் சர்வரில் தனித்தனி டப்பாவில் ஓடும். டப்பாவுக்குப் பெயர் கன்டெய்னர். எதை எப்படி ஓட்டுவது என்று எழுதிவைத்த காம்போஸ் ஃபைல் ஒன்றே எல்லாவற்றையும் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிவிட்டு, சர்வரே நேரடியாகக் கவனித்துக்கொள்ளும் சர்வீஸ்களாக மாற்றினேன். சோதித்தேன். பிரமாதம்!

"இனி நான் இல்லாமலே ஓடுமுங்க" என்று முதலாளியிடம் அடித்துவிட்டு, லாக் அவுட் செய்து, கொழுந்தனாரின் நிச்சயதார்த்தத்துக்குத் தாராபுரம் போனேன். (பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, தலைக்கனம்.)

மண்டபத்தில் நுழைந்ததும் பேக்கிங் பார்க்கும் ரபீக் பாய் போன். "ஏனுங்க மேடம், லேபிள் வரலீங்க. லாரி நிக்குது."

போனிலேயே சர்வருக்குள் நுழைந்தேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சுங்க மேடம்! என்ன பண்ணுனீங்க?"

"சும்மா பார்த்தேனுங்க" என்றேன், பெருமை தாங்காமல். சர்வரிலிருந்து வெளியே வந்தேன். மறுபடி போன். உள்ளே போனால் ஓடுகிறது. வெளியே வந்தால் படுத்துவிடுகிறது.

தட்டு மாற்றும் நேரம். மண்டபமே அமைதி. அப்போது முதலாளியே போனில் கூப்பிட்டார். பதற்றத்தில் கத்திவிட்டேன்: "கன்டெய்னர் எல்லாம் விழுந்துருச்சுங்க!"

எங்கள் பக்கத்தில் கன்டெய்னர் என்றால் ஒன்றுதான்: தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய இரும்புப் பெட்டி. மாமனார் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "டிரைவருக்கு ஒண்ணும் ஆகலையே கண்ணு?" மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்டார். பெண் வீட்டுக்காரர் ஒருவர், "எந்த ரோட்டுல?" என்று கேட்டுக்கொண்டே காரை எடுக்கப் போய்விட்டார்.

விஷயம் அப்புறம்தான் புரிந்தது. சர்வீஸ்களை என் பெயரில் போட்டிருந்தேன்; நான் லாக் அவுட் செய்தால் அவையும் கடையைக் கட்டிவிடும். 'நான் போனாலும் நீ ஓடு' என்று சொல்ல ஒரே ஒரு வரி உத்தரவு போதும். போட்டேன். லேபிள் வந்தது, லாரி கிளம்பியது, தட்டும் மாறியது. அதற்குப் பிறகு அந்த சர்வீஸ்கள் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. (இதை அழுத்தியே சொல்கிறேன்.)

ஆனால் மாமியார் டிரைவரின் உயிருக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டார். டிரைவரே இல்லை என்று விளக்கினேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலைதானே? அப்ப வேண்டுதல் பலிச்சிருச்சு" என்றார். பொங்கல் நான்தான் வைத்தேன்.

இப்போதும் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும், அவர்கள் எதிரில் மாமனார் கேட்பார்: "ஏங்கண்ணு, அந்த டிரைவர் சௌக்கியமா?"

"லீவுல ஊருக்குப் போயிருக்காருங்க மாமா."