சிலம்பாயி தின்ற முதல் பரிசு

“காலை நீட்டுங்க,” என்றது கீரி.

சிலம்பாயி ஒரு காலை நீட்டியது.

“இதுல பட்டை நிக்காது. ரொம்ப ஒல்லி. அடுத்த கால்.”

சிலம்பாயி அடுத்த காலை நீட்டியது. அதுவும் ஒல்லிதான். சிலந்திக்கு எட்டுக் கால்கள் என்பது கீரிக்குத் தெரியும். எட்டும் ஒரே பருமனில்தான் இருக்கும் என்பதை மட்டும் அது ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் ‘கலைஞர்’ என்று அச்சிட்ட பச்சைப் பட்டையை அதன் இடுப்பில் கட்டிவிட்டது.

“வயிறு பெரிசா இருக்கே?”

“முட்டை சார். உள்ள இருக்கு.”

“அதையும் காட்சிக்கு வைக்கிறீங்களா?”

“ஐயோ, இல்லை சார்.”

“அப்ப சரி. வச்சா தனிக் கட்டணம்.”

இது நடந்தது, விழாத் திடல் போடும் அளவுக்கு மரங்கள் குறைந்துவிட்ட ஒரு காட்டில். வனக் கைவினைக் கலைவிழாவின் முதல் நாள், ஒரே நாள். கீரி அதன் ஒருங்கிணைப்பாளர். அது இதுவரை எதையும் செய்ததில்லை. செய்பவர்களை ஓர் இடத்தில் உட்கார வைப்பதில் தேர்ந்தது.

“காலையில மாட்டுறதை, சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான்,” என்றது கீரி. “அப்புறம், பார்வையாளரைத் தின்னக் கூடாது. போன வருஷம் வாய்ப்பாட்டுக்கு வந்த தவளை ஒண்ணால எனக்குப் பாதிக் கூட்டம் போச்சு.”

“பயந்து ஓடிட்டாங்களா சார்?”

“ஓடுறதுக்கு எங்க விட்டுச்சு?”

சிலம்பாயிக்குக் கலையில் ஆர்வம் கிடையாது. பசி இருந்தது. விழாக்குழுக்கள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டு வந்திருந்தது.

காட்டின் ஓரத்தில் பயணியர் விடுதி ஒன்று உண்டு. அதன் வாசலில் விளக்குப் போட்ட நாளிலிருந்து பூச்சிகள் எல்லாம் மாலையானால் அங்கே போய்விடும். சிலம்பாயி குடியிருந்த முட்புதருக்கு எப்போதாவது ஒரு கொசு வரும். அதுவும் வழி தவறியதாக இருக்கும். விளக்கடியிலோ ஒரு பல்லிக் குடும்பம் வேறு யாரையும் அண்டவிடுவதில்லை. விழாவின் முதல் பரிசு, ஒரு கேடயமும் அந்த விளக்கடியில் ஓராண்டு உறைவிடமும். முட்டையிடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாய் உண்ணாவிட்டால் முட்டைப் பைக்கு நூல் போதாது. நூல் போதாத பை முதல் மழைக்கே கிழியும். சிலம்பாயிக்கு வேண்டியது அந்த விளக்கு. கேடயத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே அது வலையைப் பின்னி முடித்ததும் கீரி வந்து முன்னால் ஒரு சிவப்புக் கயிறு கட்டியது. ‘சிலம்பாயி – நூற்கலை’ என்று ஒரு பலகையும் வைத்தது. பக்கத்துக் கடையில் தையல்சிட்டு, இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த தன் கூட்டோடு உட்கார்ந்திருந்தது.

ஈக்களுக்கு அனுமதி இலவசம். வெயில் ஏறியதும் அவை கூட்டம் கூட்டமாக வந்தன.

“அடேயப்பா, என்ன நுணுக்கம் பாருடி!” என்றது ஓர் ஈ, தன் தங்கையிடம். “நம்ம பெரியப்பா இப்படி ஒண்ணுலதான் போனாரு.”

“அது இவ்வளவு நேர்த்தியா இல்லக்கா. சும்மா ஒட்டடை.”

“ஏம்மா, இதைத் துவைக்கலாமா?”

“தெரியலீங்களே,” என்றது சிலம்பாயி.

“இதே டிசைன்ல சின்னதா, பூஜை ரூம் கதவுக்கு மாட்டுற மாதிரி இருக்கா?”

“உள்ள வந்து பாருங்க.”

“எங்க வர்றது? கயிறு கட்டியிருக்காங்களே.”

முதல் முறையாக ஈக்கள் தாமாகவே தேடி வந்தன. வரிசையில் வந்தன. நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றுகூட ஒட்டவில்லை. இதற்கு அமோக வரவேற்பு என்று பெயர் எனக் கீரி ஒலிபெருக்கியில் அறிவித்தது.

“அக்கா, வாயை மூடிக்கங்க,” என்றது தையல்சிட்டு. “பார்க்கிறவங்க மிரளுறாங்க.”

“சிரிச்சேன் புள்ள.”

“நீங்க சிரிச்சா அப்படியா இருக்கும்?”

“ஒம் பொழப்பு எப்படி? எதாச்சும் போச்சா?”

“எங்க போகுது? இதுக்குக் காது வச்சா தோள்ல மாட்டிக்கலாமேங்கறாங்க. நான் குஞ்சு பொரிக்கிற கூடுங்கன்னு சொன்னேன். அப்ப ஜிப்பாவது வைக்கலாமேங்கறாங்க.”

நண்பகலில் ஒரு கொழுத்த ஈ வந்தது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து, வலைக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போனைத் தூக்கிப் பிடித்தது. அதன் முதுகு பச்சையும் நீலமுமாக மின்னியது. அப்படி ஒரு முதுகைச் சிலம்பாயி போன மழைக்காலத்தில் கடைசியாகப் பார்த்தது.

“வலை முழுசாப் படத்துல விழ மாட்டேங்குதே,” என்றது ஈ.

“இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க,” என்றது சிலம்பாயி மெதுவாக.

ஈ பின்னால் நகர்ந்தது.

“இன்னும் ஒரு அடி. சிரிங்க.”

விசில் சத்தம் கேட்டது. கீரி ஓடிவந்து ஈயின் இறக்கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டது. “படைப்பு மேல சாயக் கூடாதுங்க. சேதமாயிடும்,” என்றது. ஈ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போயிற்று.

பிறகு நடுவர் அணிலார் வந்தார். முன்னொரு காலத்தில் ஒரு பாலம் கட்டியபோது அவருடைய முன்னோர் ஒருவர் கொஞ்சம் மணல் சுமந்தாராம். அதற்காக முதுகில் மூன்று கோடு கிடைத்தது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் சுமப்பதில்லை. தேர்வுக் குழுக்களில் இருக்கிறார்கள்.

அணிலார் வலையை இடப்பக்கமிருந்து பார்த்தார். வலப்பக்கமிருந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“இது எதைப் பற்றியது?”

“எதைப் பத்தியும் இல்லீங்க ஐயா. ஈ பிடிக்க.”

அணிலார் புன்னகைத்தார். “பெரிய கலைஞர்கள் இப்படித்தான் முதலில் மறைப்பார்கள். சரி, கீழே இந்த ஓட்டை?”

“காலையில ஒரு வண்டு அவசரமா உள்ள பூந்து அந்தப் பக்கம் போயிருச்சு. பொழுது சாயவும் சரி பண்ணிடுவேனுங்க.”

“தொடாதீர்கள்!” அணிலாரின் வால் சிலிர்த்தது. “இந்த ஓட்டைதான் படைப்பு. சுற்றி இருப்பது வெறும் சட்டகம். இல்லாததைச் சொல்வதற்காக இருப்பதை இவ்வளவு நேரம் பின்னியிருக்கிறீர்கள்.”

“வண்டுதாங்க பண்ணுச்சு.”

“தற்செயலை அனுமதிப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “வெளிச்சம் பிடிக்குமா உங்களுக்கு?”

“உசுருங்க.”

“அப்படியானால் விருந்தினர் வரும்வரை அசையாமல் இருங்கள். கேடயத்தில் பெயர் பொறிக்கச் சொல்லிவிடுகிறேன்.”

சிலம்பாயி அசையாமல் இருந்தது. அசையாமல் இருப்பது சிலந்திக்குப் புதிதல்ல. எதையும் பிடிக்காமல் இருப்பதற்காக அசையாமல் இருப்பது புதிது.

சிறப்பு விருந்தினர் மயிலார் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. அது தோகை உதிரும் மாதம். தோகையில்லாத தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்ற கவலையில் அவர் வீட்டிலேயே நெடுநேரம் அலங்காரம் செய்துகொண்டிருந்தார். மேடையில் கீரி வரவேற்புரையைத் தொடங்கி, அவர் வரும்வரை முடிக்காமல் வைத்திருந்தது. பொழுது சாய்ந்தது.

சிலம்பாயியின் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் அன்றைய வலையைத் தின்றுவிட வேண்டும். கோபத்தினாலோ பசியினாலோ அல்ல. பழைய நூல் உள்ளே போனால்தான் புதிய நூல் வரும். அதன் தாய் அப்படிச் செய்தது. தாயின் தாயும் அப்படித்தான். நேற்றைய வலையை வைத்துக்கொண்டிருந்த சிலந்தி என்று அந்தக் குலத்தில் ஒருவரையும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூச்சு விடுவதைப் போல அது நடக்கும். யாரும் நினைத்துச் செய்வதில்லை.

கீரி ‘மண் சார்ந்த’ என்று சொன்னபோது சிலம்பாயியின் ஒரு கால் விளிம்பு நூலை அவிழ்த்தது. ‘மரபு சார்ந்த’ என்றபோது வாய் மென்றுகொண்டிருந்தது. ‘வாழ்வியல்’ என்றபோது நடுவட்டம் போயிற்று. சிலம்பாயி உரையைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அக்கா! என்னக்கா திங்கிறீங்க?” என்று கத்தியது தையல்சிட்டு.

“நானா?” சிலம்பாயி திரும்பிப் பார்த்தது. மூங்கில் கழிகள் நின்றன. பலகை நின்றது. கயிறு இருந்தது. “ஐயையோ!”

“அந்த ஓட்டையையாவது மிச்சம் வச்சீங்களா?”

ஓட்டை இருந்தது. சுற்றி எதுவும் இல்லாததால் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் மேளம் கேட்டது. மயிலார் வந்துவிட்டார். அவரை அழைத்துப் போக வழி பார்க்க வந்த கீரியும் அணிலாரும் கடைக்கு முன்னால் நின்றார்கள்.

“வலை எங்க?” என்றது கீரி.

“சாப்பிட்டுட்டேன் சார்.”

“யாரு வலையை?”

“என் வலையைத்தான்.”

“மாட்டுற வரைக்கும்தான் அது உன்னோடது. மாட்டினதுக்கப்புறம் விழாவோடது.”

“கையோட புதுசாப் பின்னித் தந்துடறேன் சார். வயித்துல நூல் நெறைய இருக்கு. காலையில போட்டதைவிட நல்லாவே வரும்.”

“நல்லா வந்து என்ன பிரயோசனம்? அசல் வேணும்.”

அணிலார் மெல்லிய குரலில் கேட்டார்: “அந்த ஓட்டையை மறுபடி செய்ய முடியுமா?”

“வண்டு வந்தா செய்யலாம் ஐயா.”

அணிலார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “காட்டுமிராண்டித்தனம்,” என்றார், காட்டின் நடுவே நின்றுகொண்டு.

கீரி குனிந்து சிலம்பாயியின் இடுப்பிலிருந்த பட்டையைப் பல்லால் அறுத்தது. “கேடயத்துல பேரு அடிச்சாச்சு. பேனரும் கட்டியாச்சு. இனிமே மாத்த முடியாது. பரிசு கலைஞர் சிலம்பாயிக்குத்தான். அவங்க படைப்பைத் தின்ன குத்தத்துக்கு ஒன்ன வெளிய அனுப்புறோம்.”

“சார், நான்தான் சிலம்பாயி!”

“பட்டை எங்க?”

“இப்பத்தானே நீங்க அறுத்தீங்க!”

“பட்டை இல்லாத சிலந்தி இந்தக் காட்டுல ஆயிரம் இருக்கு. எது எதுன்னு நான் கண்டேனா?”

கீரி போனதும் தையல்சிட்டு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. “விடுங்கக்கா. நானும் காது வைக்கச் சம்மதிச்சுட்டேன்.”

“முட்டைக்கு என்ன பண்ணுவ புள்ள?”

“வாங்கினவங்க தோள்ல மாட்டிக்கிட்டே அடைகாத்துக்குவாங்களாம்.”

மேடையில் மயிலார் எழுந்தார். தோகை இருக்க வேண்டிய இடத்தில் பொன்னாடை போர்த்தியிருந்தார். “அந்த வலையைக் கண்ட கணத்தில் நான் வாயடைத்துப் போனேன்,” என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். வலையைப் பார்த்திருந்த ஈக்கள் எல்லாம் கைதட்டின. கலைஞர் சிலம்பாயி வெளியூர் சென்றிருப்பதால் அவர் சார்பில் கீரி கேடயத்தைப் பெற்றுக்கொண்டது. விளக்கடி உறைவிடமும் கலைஞர் நேரில் வந்து கேட்கும்வரை கீரியின் பொறுப்பில் இருக்கும் என்று அறிவித்தார்கள். அதுவரை அங்கேயே இருந்துகொள்ளும்படி பல்லிக் குடும்பத்துக்கு மத்தியானமே சொல்லி அனுப்பியாகிவிட்டது.

சிலம்பாயி திடலுக்கு வெளியே நின்று இதையெல்லாம் கேட்டது. போக இடமில்லை. வயிற்றில் முட்டையும், தின்று ஊறிய நூலும் இருந்தன. மயிலாரின் கழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று மேடையின் பக்கவாட்டில் ஒரு கம்பம் நட்டு, அதில் பெரிய விளக்கு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். விடுதி விளக்கைவிடப் பெரியது. அதைச் சுற்றிக் காற்றே பூச்சிகளாய் மொய்த்துக்கொண்டிருந்தது.

சிலம்பாயி கம்பத்தில் ஏறியது. யாரும் தடுக்கவில்லை. பட்டை இல்லாத ஒன்று என்ன செய்கிறது என்று பார்ப்பது அங்கே யாருடைய பொறுப்பும் அல்ல. கம்பத்திலிருந்து பந்தல் விளிம்புக்கு ஒரு நூலை விட்டது. அது போய் ஒட்டியதும் அதன்மேல் நடந்து அடுத்ததை விட்டது. அவசரப்படாமல் பின்னியது. ஓட்டை எதுவும் வைக்கவில்லை. முன்னால் கயிறும் இல்லை, பலகையும் இல்லை. வெளிச்சத்தில் கண் கூசியதால் வலையே யாருக்கும் தெரியவில்லை.

“நம் மரபு நம்மைத் தன்பால் ஈர்க்கிறது,” என்றார் மயிலார்.

மூன்றாம் வரிசையில் ஓர் ஈ எட்டி எட்டிப் பார்த்தது. முன்னால் எருமை ஒன்று உட்கார்ந்திருந்ததால் மேடை தெரியவில்லை. “அந்த வெளிச்சத்துக்கிட்டப் போனா நல்லாத் தெரியும். பார்த்துட்டு வந்துடறேன்,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு எழுந்து பறந்தது.

மனைவி, வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல், அந்த நாற்காலியில் தன் பையை எடுத்து வைத்தது.

நீதி: கலைஞர் தான் செய்ததைத் தானே தின்னக் கூடாது, அதற்கென்று விழாக்குழு இருக்கிறது. பசித்தால் பார்வையாளர்கள் இருக்கிறார்கள்.